கட்டிங் போடறதுக்கு முன்னாடி துணியைக் கழுவிப் பாக்கணும்

திருப்பூர்ல பொழைக்கறவங்களுக்குத் தேதி தான் எல்லாம். பையர் ஒரு தேதி சொல்லீருவாங்க, அந்தத் தேதிக்குப் பெட்டி தூத்துக்குடி போய்ச் சேர்ந்திருக்கணும், அங்கிருந்து பின்னாடி எண்ணிகிட்டே வருவோம், பேக்கிங் எப்ப, செக்கிங் எப்ப, தையல் எப்ப, கட்டிங் எப்ப, டையிங்ல இருந்து துணி எப்ப வரணும், அதுக்கு நூல் எப்ப வாங்கணும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு தேதி. இதுக்கு டிஎன்ஏ சார்ட்னு பேரு, டைம் அண்ட் ஆக்ஷன்ங்கறதோட சுருக்கம். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில 19 வருஷத்துக்கு மேல மெர்ச்சண்டைசரா இருக்கேன், ஆர்டர் வந்ததுல இருந்து பெட்டி போற வரைக்கும் பின்னாடியே நின்னு பாத்துக்கற வேலை, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒரு ஆர்டருக்கு டிஎன்ஏ போட்டுத் தந்துருவேன்.

அதே மாதிரி என் வாழ்க்கைக்கும் போட்டேன். 2020, 21, 22ன்னு வரிசையா மூணு ஜனவரி. எக்ஸெல்ல கலர் கலரா கட்டம் போட்டு, ஜூனுக்குள்ள 15 கிலோ குறையணும், தினம் 10,000 ஸ்டெப்ஸ் நடக்கணும், சொந்தமா 10 மெஷின் போட்டு ஒரு சின்ன யூனிட் ஆரம்பிக்கணும், ஹிந்தி கத்துக்கணும், காலைல 5 மணிக்கு எந்திரிக்கணும் அப்படின்னு. மூணு வருஷமும் மார்ச்சைத் தாண்டல. நான் சோம்பேறி இல்லைங்க. ராத்திரி 2 மணி வரைக்கும் நின்னு லாரி ஏத்தி விட்டுட்டு காலைல 7 மணிக்குப் புள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டறவ எப்படி சோம்பேறியா இருக்க முடியும். அடுத்தவங்க தேதியெல்லாம் என் கையால நடக்குது, நான் எனக்குன்னு போட்ட தேதி மட்டும் ஏன் நடக்க மாட்டேங்குதுன்னு உள்ள ஒரு கேள்வி இருந்துகிட்டே இருந்துச்சு.

2022 தீபாவளிக்கு முந்தின வாரம். ஒரு ஆர்டர்ல கலர் வித்தியாசம் வந்து துணியைத் திரும்ப டையிங்குக்கு அனுப்பி, கப்பல் தப்பி, கடைசில ஏர்ல அனுப்பற நிலைமை. ஏர்னா அந்தச் செலவு எங்க கம்பெனி தலையில. அன்னிக்கு முழுக்க யார் யாரோ என்னைக் கத்தினாங்க, நானும் யார் யாரையோ கத்தினேன், ராத்திரி 11 மணிக்கு வீட்டுக்கு வந்தா பொண்ணு தூங்காம உக்காந்திருக்கா. அப்ப எட்டாவது படிச்சா. ஸ்கூல் எக்ஸிபிஷனுக்குக் காத்தாலை செஞ்சிருந்தா, பல்லடம் உடுமலை பக்கமெல்லாம் நிக்குமே அந்தக் காத்தாடி, அட்டைலயும் சின்ன மோட்டார்லயும். "அம்மா சுத்துது பாரேன்"னு பக்கத்துல கொண்டு வந்தா. "மணி என்னன்னு பாத்தியாடி"ன்னு கத்திட்டு கையைத் தட்டிவிட்டேன், ஒரு இறக்கை பிஞ்சு விழுந்துச்சு. அவ அழல. குனிஞ்சு எடுத்துட்டுப் போய் எனக்கு முதுகைக் காட்டி உக்காந்து ஃபெவிகால் வெச்சு ஒட்ட ஆரம்பிச்சா. "நீ தூங்கும்மா, நாளைக்குக் காட்டறேன்"னு சொன்னா. அந்த முதுகை இப்ப நினைச்சாலும் எனக்குத் தொண்டை அடைக்குது.

அடுத்த வாரம் தலை சுத்தி ஆபீஸ்லயே உக்காந்துட்டேன். டெஸ்ட் எடுத்தா வெறும் வயித்துல சுகர் 186, மூணு மாசச் சராசரி 8.9, பிரஷர் 150க்கு 96. வயசு 43. டாக்டர் மாத்திரை எழுதிட்டு "டென்ஷனைக் குறைங்க"ன்னாரு. எப்படிக் குறைக்கறதுன்னு கேட்க நினைச்சேன், வெளிய 20 பேர் உக்காந்திருந்தாங்க, எந்திரிச்சு வந்துட்டேன்.

எங்க வீதில ஒரு அக்கா இருக்காங்க, டெய்லரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, எப்பப் பாத்தாலும் முகம் தெளிவா இருக்கும். அவங்க தான் கூட்டிட்டுப் போனாங்க, மனவளக்கலை மன்றத்துக்கு, வேதாத்திரி மகரிஷி வழில தவமும் எக்சர்சைஸும் சொல்லித் தர்ற இடம். அவரு பேரு எங்க பக்கம் தெரியாதவங்க கம்மி, பஸ்ல ஸ்டிக்கர்லயும் கடை போர்டுலயும் "வாழ்க வளமுடன்" பாத்துப் பாத்துப் பழகின கண்ணு தான். ஆனா அவரு யாருன்னு அங்க போய்த் தான் தெரிஞ்சுகிட்டேன். கூடுவாஞ்சேரில 1911ல நெசவாளர் குடும்பத்துல பொறந்தவரு, தறில உக்காந்து வளந்தவரு. 1958ல உலக சமுதாய சேவா சங்கம் ஆரம்பிச்சு 2006ல மறையற வரைக்கும் ஒரே விஷயத்தைத் தான் சொல்லிகிட்டே இருந்திருக்காரு, குடும்பத்துல இருந்துகிட்டே, சம்பாரிச்சுகிட்டே தவம் பண்ணலாம், காட்டுக்குப் போக வேண்டியதில்லன்னு. அவரு சம்சாரம் லோகாம்பாள் அம்மாவோட பிறந்த நாள் ஆகஸ்ட் 30, அதை மனைவி நல வேட்பு நாள்னு இன்னிக்கும் எல்லா மன்றத்துலயும் கொண்டாடறாங்க, புருஷனும் பொண்டாட்டியும் எதிர் எதிரா உக்காந்து கையைக் கோத்துகிட்டு வாழ்த்திக்குவாங்க. நூல் தூசிலயும் தறிச் சத்தத்துலயும் வளந்த ஒருத்தர் சொன்னதுங்கறதால எனக்கு இது கொஞ்சம் கிட்டக்க வந்த மாதிரி இருந்துச்சு.

மன்றம்னா பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு மாடி, தகர ஷீட் போட்ட கூரை, கீழ நிட்டிங் மெஷின் ஓடிகிட்டே இருக்கும், அந்த உர்ர்னு சத்தம் தரை வழியா உடம்புல ஏறும். வர்றவங்க எல்லாம் எங்க ஊர் ஜனம் தான், செக்கிங் பொம்பளைங்க, பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க, மளிகைக் கடைக்காரர், ஒரு லாரி டிரைவர். தவம் சொல்லித் தருவாங்கன்னு போனா முதல்ல சொல்லித் தந்தது எக்சர்சைஸ். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண் பயிற்சி, கபாலபதி, மகராசனம், மசாஜ், அக்குபிரஷர், கடைசில உடல் தளர்த்தல். எனக்குப் பொறுமையே இல்ல, கண்ணை மூடி உக்காரத்தானே வந்தோம் இதென்ன கையை ஆட்டச் சொல்றாங்கன்னு இருந்துச்சு. அங்க சொல்லித் தர்ற அம்மா ஸ்கூல் எச்எம்மா இருந்தவங்க, ஒரு நாள் என்னைப் பாத்து "தவத்துல உக்காந்தா முதுகு வலிக்குது, கால் மரத்துப் போகுதுன்னா மனசு அங்க தானே போகும், முதல்ல உடம்பு உங்களை விடணும் இல்லீங்களா"ன்னாங்க. அது சரின்னு பட்டுச்சு. முதல் நாள் உடல் தளர்த்தல்ல பாதத்துல இருந்து ஒவ்வொரு உறுப்பா நினைச்சு தளர விடச் சொன்னப்ப என் வயித்துக்கு வந்ததும் கண்ணுல தண்ணி ஊத்துச்சு. எத்தனை வருஷமா வயித்தை எக்கிப் பிடிச்சுகிட்டே நடமாடியிருக்கேன்னு அன்னிக்குத் தான் தெரிஞ்சுது.

அப்புறம் தீட்சை. ரெண்டு புருவத்துக்கும் நடுவுல அந்த அம்மா விரலால தொட்டு, அங்க கவனத்தை வைக்கச் சொன்னாங்க, ஆக்கினைன்னு பேரு. லேசா ஒரு குறுகுறுப்பு, எறும்பு ஊர்ற மாதிரி. அதைப் பெரிய அனுபவம்னு சொல்ல மாட்டேன், ஆனா இருந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு முதுகுத்தண்டோட அடில, மூலாதாரத்துல, கவனத்தை இறக்கற சாந்தி தவம். ரொம்பப் பின்னாடி உச்சந்தலைல துரியம். எனக்கு ரொம்ப உதவினது சாந்தி தான், அதை அப்புறம் சொல்றேன். காயகல்பம்னு ஒரு பயிற்சியும் சொல்லித் தந்தாங்க, அது காலைலயும் ராத்திரியும் சில நிமிஷம், ஆனா அதை இங்க எழுத்துல சொல்லப் போறதில்ல, நேர்ல உக்காந்து கத்துக்கறது தான் சரி.

தவத்துல என்ன நடந்துச்சுன்னா, முதல் ரெண்டு மாசம் ஷிப்மென்ட் தான் நடந்துச்சு. கண்ணை மூடினா சாயத்துக்கு அனுப்பின சாம்பிள் துணிக்கு பையர் ஓகே வரல, பட்டன் சப்ளையர் போன் எடுக்கல, அட்டைப்பெட்டி அளவு தப்பு, இதே தான். ஏழெட்டு நிமிஷம் கழிச்சு "நாம நெத்தில இல்லவே இல்லையே"ன்னு ஞாபகம் வரும், திரும்ப வருவேன், அடுத்த நொடி திரும்பப் போயிருவேன். அந்த அம்மா கிட்டச் சொன்னேன், எனக்கு வரலைங்க மேடம்னு. "போயிட்டோம்னு தெரிஞ்சுது இல்லீங்களா, அதுக்குத் தான் உக்கார்றது"ன்னாங்க. மனசு வேகமா சுத்தறதை மனஅலைச் சுழல்னு மகரிஷி சொல்லுவாரு, சுழல் குறையக் குறைய நமக்குள்ள என்ன ஓடுதுன்னு நமக்கே தெரிய ஆரம்பிக்கும். மூணாவது மாசம் வாக்குல எனக்கும் தெரிஞ்சுது. என் மனசுக்குள்ள நாள் முழுக்க ஒரு சண்டை ஓடிகிட்டு இருந்துச்சு, அண்ணன் கூட. காங்கயம் பக்கம் அப்பாவோட நிலத்தை வித்ததுல எங்களுக்குள்ள பேச்சு நின்னு நாலு வருஷம். பல்லு வெளக்கும்போது, வண்டி ஓட்டும்போது, சாம்பிள் செக் பண்ணும்போது கூட உள்ள நான் அவரு கூட வாதாடிகிட்டே தான் இருந்திருக்கேன். அவ்வளவு சத்தத்துக்கு நடுவுல உக்காந்து தான் ஜனவரில 15 கிலோன்னு எழுதியிருக்கேன்.

அந்தச் சமயத்துல தான் ஆழியாருக்குப் போனேன், அகத்தாய்வுப் பயிற்சிக்கு, நம்மை நாமே உள்ள ஆராய்ஞ்சு பாக்கறது. பொள்ளாச்சில இருந்து வால்பாறை போற ரோட்டுல மலை ஏறறதுக்கு முன்னாடி, டேம் பக்கத்துல இருக்கு மகரிஷியோட அறிவுத்திருக்கோயில். ஆனைமலை அப்படியே பின்னாடி எழும்பி நிக்கும், காலைல அதுல மேகம் படுத்திருக்கும். போனை ஆஃப் பண்ணி பைக்குள்ள போட்டுட்டு உக்காந்தேன், இத்தனை வருஷ வேலைல முதல் தடவை.

அங்க முதல்ல எண்ணம் ஆராய்தல். நமக்கு ஒரு எண்ணம் வருதுன்னா அது ஆறு இடத்துல இருந்து வரலாம்னு மகரிஷி பிரிச்சு வெச்சிருக்காரு. தேவை, பழக்கம், சூழ்நிலைக் கட்டாயம், பிறர் மனத்தூண்டுதல், கருவமைப்பு, தெய்வீகம். கேட்கும்போது பாடம் மாதிரி தான் இருந்துச்சு. அடுத்தது ஆசை சீரமைத்தல். ஒரு நோட்டுல உங்க ஆசை எல்லாத்தையும் எழுதுங்க, சின்னது பெருசு பாக்க வேண்டாம்னாங்க. எனக்கு 23 வந்துச்சு. பழைய எக்ஸெல்ல இருந்ததெல்லாம் அப்படியே வந்துச்சு, கூட வைர மூக்குத்தி, துபாய் டூர், மாடுலர் கிச்சன். எழுதினதும் ஒவ்வொண்ணும் அந்த ஆறுல எங்கிருந்து வந்துச்சுன்னு பக்கத்துல எழுதலாம்னு எனக்கா தோணுச்சு, முந்தின பாடம் மனசுல இருந்ததால.

எழுத எழுத கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. 15 கிலோ எங்கிருந்து வந்துச்சுன்னா, ஒரு கல்யாணத்துல போட்டோ எடுக்கும்போது சொந்தக்காரங்க ஒருத்தங்க "நீ ஓரமா நில்லு கண்ணு, அப்பத்தான் எல்லாரும் தெரிவாங்க"ன்னு சொன்னாங்க பாருங்க, அங்கிருந்து. சொந்த யூனிட் ஆசை என் கூட வேலை பாத்த பொண்ணு யூனிட் போட்டு கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்ட அன்னிக்கு வந்தது. ஹிந்தி, நார்த்ல இருந்து வந்த புது மேனேஜர் மீட்டிங்ல பேசினது எனக்குப் புரியாமப் போனதால. 23ல 11 பிறர் மனத்தூண்டுதல். 5 பழக்கம், அதாவது எல்லாரும் ஜனவரில எழுதறாங்கன்னு நானும் வருஷா வருஷம் எழுதறது. 3 சூழ்நிலைக் கட்டாயம். தேவைன்னு மனசாரச் சொல்ல முடிஞ்சது 4 தான்.

அப்ப எனக்கு எங்க வேலை தான் ஞாபகம் வந்துச்சு. பனியன் துணி கழுவினா சுருங்கும். அதனால கட்டிங் போடறதுக்கு முன்னாடி ஒரு துண்டு வெட்டி, அதுல 50 சென்டிமீட்டருக்கு மார்க் பண்ணி, கழுவி, காய வெச்சு, திரும்ப அளப்போம். 47 வந்துச்சுன்னா 6 பர்சென்ட் சுருங்குதுன்னு அர்த்தம், பேட்டர்ன்ல அதைச் சேத்து வெச்சுத் தான் வெட்டணும். இதைச் செய்யாம யாராவது கட்டிங் போட்டா நான் விடவே மாட்டேன், லைனையே நிறுத்தீருவேன். அப்படிப்பட்ட நான் என் துணி எதுன்னே பாக்காம மூணு வருஷம் நேரா தேதி போட்டிருக்கேன். கண்ணை மூடி உக்கார்றது தான் அந்தத் துண்டைக் கழுவிப் பாக்கறதுன்னு எனக்கு அன்னிக்குப் புரிஞ்சுது. தவம் தனி, லட்சியம் தனின்னு நினைச்சுகிட்டு இருந்தேன், அது தப்பு. உக்காராம எழுதின லட்சியம் அடுத்தவங்க ஆர்டர் மாதிரி தான், நாம வெறும் ஜாப் ஒர்க் பண்றோம்.

மிச்சம் இருந்த நாலையும் மூணு கேள்வில போட்டுப் பாக்கணும். இது தேவை தானா, இதுக்கு எனக்கு வசதி இருக்கா, இதனால பின்விளைவு என்ன. வசதின்னா பணம் மட்டும் இல்ல, நேரம், உடம்பு, வீட்டு நிலைமை எல்லாம் சேர்த்து. ஆசையை ஒழின்னு அங்க யாரும் சொல்லல, அதை நான் குறிப்பாச் சொல்லணும், ஏன்னா ஆன்மீகம்னாலே எல்லாத்தையும் விடணும்னு நினைச்சு நிறைய பொம்பளைங்க இந்தப் பக்கமே வர மாட்டேங்கறாங்க. சீரமைக்கணும், அவ்வளவு தான். யூனிட் ஆசையை நான் அடிக்கல, பொண்ணு காலேஜ் முடிக்கற வரைக்கும் தள்ளி வெச்சிருக்கேன்.

நாலுல ஒண்ணு தூக்கம், அது சீக்கிரம் சரியாச்சு, போனை ஹால்ல சார்ஜ் போட்டுட்டு வந்து 10.30க்குப் படுக்கறேன், அவ்வளவு தான் அதுல. இன்னொண்ணு சுகர். 10,000 ஸ்டெப்ஸ் எனக்கு ஒத்துவராது, அந்த நேரம் என் கைல இல்ல. ராத்திரி சாப்பிட்டதும் 20 நிமிஷம் வீதில நடக்கறதுக்கு நேரம் இருக்கு, அதை எழுதினேன். சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்தா தசை சர்க்கரையை எடுத்துக்கும், ரத்தத்துல ஏறறது கம்மியாகும்னு டாக்டரும் சொன்னாரு. ஆறு மாசத்துல சராசரி 7.6, ஒரு வருஷத்துல 6.9. எடை 4 கிலோ தான் குறைஞ்சுது. மாத்திரையை நானா நிறுத்தல, இப்பவும் போடறேன், டாக்டர் தான் ஒண்ணைக் குறைச்சாரு. தவம் பண்றேன் மாத்திரை வேண்டாம்னு யாராவது சொன்னா தயவு செஞ்சு கேட்காதீங்க, எங்க மன்றத்துலயே ஒருத்தங்க அப்படி நிறுத்திட்டுக் கால் புண்ணாகி ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. அதே மாதிரி மனசு ரொம்ப இருட்டா இருக்கு, வாழவே பிடிக்கலன்னா முதல்ல டாக்டரைப் பாருங்க, தவம் அதுக்கப்புறம் பக்கத்துணையா இருக்கட்டும்.

மூணாவது என் பொண்ணு. அகத்தாய்வுல அடுத்த பாடமான சினம் தவிர்த்தல்ல யார் யார் மேல கோபம் வருதுன்னு பேரு எழுதி ஒவ்வொருத்தரா எடுத்துக்கணும். டையிங் யூனிட்காரங்க பேரு தான் முதல்ல வரும்னு நினைச்சேன், யோசிச்சுப் பாத்தா அவங்க கிட்ட நான் அளந்து தான் பேசறேன், ஏன்னா துணி அவங்க கைல இருக்கு. திருப்பிப் பேசாத ஆள் கிட்டத் தான் கொட்டியிருக்கேன். அவ பேரை முதல்ல எழுதினேன். லட்சியம் என்னன்னா, ஆபீஸ் கோபத்தோட வீட்டு கேட்டைத் திறக்கறதில்ல. வழி என்னன்னா, வீட்டுக்கு ரெண்டு வீதி முன்னாடி ஒரு வேப்பமரம் இருக்கு, அங்க ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழட்டாம, ரெண்டு நிமிஷம் சாந்திக்கு இறங்கறது. தலைல ஏறி நிக்கற சூடு அப்படியே முதுகுத்தண்டு வழியா கீழ இறங்கற மாதிரி இருக்கும். மேல ஏத்தறதை விடக் கீழ இறக்கத் தெரியறது தான் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு முக்கியம்னு நான் நம்பறேன். முதல் மாசம் நாலு நாள் மரத்தடில நிக்க மறந்து நேரா வந்துட்டேன், அந்த நாலு நாள்ல மூணு நாள் வீட்டுல சத்தம். கணக்கு நோட்டுல இருக்கு. அடுத்த வருஷம் ஏப்ரல்ல சீசன் ஷிப்மென்ட் நெருக்கடில மூணு வாரம் தவமும் இல்ல மரமும் இல்ல, பழைய மாதிரியே ஆயிட்டேன், ஒரு நாள் தட்டைத் தூக்கிப் போட்டேன். பொண்ணு தான் வந்து "அம்மா நீ மரத்துக்குப் போகலயா இப்பெல்லாம்"னு கேட்டா. அவளுக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது, எதிர் வீட்டுப் பையன் பாத்துட்டுச் சொல்லியிருக்கான். அடுத்த நாள்ல இருந்து திரும்ப நின்னேன்.

நாலாவது அண்ணன். இதை எழுதறதா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். மகரிஷி சீரமைக்கச் சொன்ன ஆறு குணத்துல வஞ்சமும் ஒண்ணு, பேராசை சினம் மாதிரி அது வெளிய தெரியாது, உள்ளயே ஊறும். தவம் முடிஞ்சதும் வாழ்த்துன்னு ஒண்ணு உண்டு, வீட்டுல இருக்கறவங்க, கூட வேலை பாக்கறவங்க, அப்புறம் நமக்கு ஆகாதவங்க, எல்லாரையும் பேர் சொல்லி வாழ்க வளமுடன்னு நினைக்கணும். அண்ணன் பேரு வரும்போது எனக்குத் தாடை இறுகிரும். பொய்யா ஒரு வாழ்த்து எதுக்குன்னு அந்த அம்மா கிட்டக் கேட்டேன். "வெதை போடறப்பவே செடி வேணும்னா எப்படிம்மா, போட்டுகிட்டே இருங்க"ன்னாங்க. ஏழு மாசம் வெறும் உதட்டளவுல சொன்னேன், உள்ள எதுவும் நடக்கல. எட்டாவது மாசமோ என்னமோ, ஒரு நாள் அவரு பேரைச் சொல்லும்போது சின்ன வயசுல என்னைச் சைக்கிள் பாரில உக்கார வெச்சு கண்ணபுரம் தேருக்குக் கூட்டிட்டுப் போனது ஞாபகம் வந்துச்சு, மாட்டுச் சந்தைல கூட்டத்துல நான் தொலையாம இருக்க அவரு வேட்டி நுனியை என் கைல கட்டி விட்டாரு. அது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல, நாலு வருஷம் நான் அதை நினைக்கவே இல்ல.

நிலம் இன்னும் முடியல. வக்கீல் கிட்டத் தான் இருக்கு, என் பங்கை நான் விட்டுத் தரப் போறதும் இல்ல, அது பின்விளைவு பாத்து எடுத்த முடிவு தான். ஆனா விடியக்காலம் 3 மணிக்கு முழிப்பு வந்து அவரு கூட உள்ளுக்குள்ள வாதாடறது நின்னிருச்சு. கவலை ஒழித்தல்ங்கற பாடத்துல கவலையை நாலா பிரிக்கச் சொல்லுவாங்க, உடனே தீர்க்க வேண்டியது, தள்ளிப்போட வேண்டியது, அனுபவிச்சே தீர்க்க வேண்டியது, அலட்சியப்படுத்த வேண்டியது. நிலம் தள்ளிப்போட வேண்டியதுல இருக்கு. சொந்தக்காரங்க என்ன பேசறாங்கங்கறது அலட்சியத்துல. அப்பா போனது அனுபவிக்க வேண்டியதுல இருக்கு, அதை நான் சண்டைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன் போல, சண்டை அடங்கினதும் தான் அப்பாவுக்காக உக்காந்து அழுதேன். உடம்புக்கு, மனசுக்குப் பண்றது போக உயிருக்குப் பண்றதுன்னு தனியா ஒண்ணு இருக்கான்னு என்னைக் கேட்டா எனக்கு இதைத் தான் சொல்லத் தெரியும். துரியத்துல உக்காரும்போது சில நாள் உடம்போட ஓரம் எங்க முடியுதுன்னே தெரியாம இருக்கும், கீழ ஓடற நிட்டிங் மெஷினும் நானும் ஒரே சத்தமா இருப்போம், அதுக்கு மேல அதை வார்த்தைல கொண்டு வர எனக்குத் தெரியல.

இப்ப என் நாள் எப்படின்னா, காலைல 5.15க்கு எக்சர்சைஸ், முழுசாப் பண்ண எனக்கு 50 நிமிஷம் ஆகும், நேரம் இல்லாத நாள் கை, கால், மூச்சு மட்டும். 20 நிமிஷம் தவம். சாயங்காலம் மரத்தடி. ராத்திரி நடை. நோட்டுல மாசம் ஒரு தடவை தான் எழுதறேன், தினம் எழுதினா அதுவும் ஒரு டிஎன்ஏ ஆயிருது எனக்கு. புதுசா ஏதாவது ஆசை வந்தா உடனே எழுதறதில்ல, ஒரு வாரம் தவத்துல அதோட உக்காந்து பாக்கறேன். பாதிக்கு மேல அந்த ஒரு வாரத்துலயே போயிருது. போகாம நிக்கறது தான் நோட்டுக்கு வருது.

போன வருஷம் அப்படி நின்னது ஒண்ணே ஒண்ணு, பழனி மலை படியேறணும். 693 படி. கல்யாணம் ஆகி வந்த புதுசுல அத்தை கூட ஏறினது, அப்புறம் எல்லாம் விஞ்ச், ரோப் கார்னு போயிருச்சு. இந்த ஆசை எங்கிருந்து வருதுன்னு ரொம்ப நாள் பாத்தேன், யாரும் தூண்டல, யாருக்கும் காட்டறதுக்கும் இல்ல, என் காலுக்கே அந்த ஆசை இருக்கு. ஆடில போனோம், நானும் பொண்ணும். இடும்பன் சன்னதி கிட்டப் போறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கி, முட்டி பிடிச்சுகிச்சு, அங்கயே ஓரமா உக்காந்துட்டோம். அவ பத்தாவது முடிச்சுட்டா இப்ப, என்னை விட உசரம். தண்ணி பாட்டிலைத் திறந்து குடுத்துட்டு "இன்னிக்கு இது போதும்மா, அடுத்த தடவை பாக்கலாம்"னா. கீழ சண்முக நதிப் பக்கம் வயலெல்லாம் பச்சையா தெரிஞ்சுது, காத்து நல்லா வீசுச்சு, ரெண்டு பேரும் அரை மணி நேரம் அங்கயே உக்காந்திருந்துட்டு இறங்கிட்டோம்.

தைப்பூசக் கூட்டம் அடங்கினதும் திரும்பப் போறோம். முட்டிக்கு டாக்டர் சொன்ன எக்சர்சைஸ் ஓடிகிட்டு இருக்கு. அத்தையும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க, அவங்க விஞ்ச்ல வந்து மேல உக்காந்திருப்பாங்களாம்.